ஐந்து நிமிடப் பெட்ரோல்

பெட்ரோல் பங்க்கில் அவருக்கு ஜீரோ என்று பெயர். பத்தொன்பது வருஷமாக வண்டிக்காரர்களிடம் "ஜீரோ பாத்துக்கங்க" என்று சொல்லிச் சொல்லியே சொந்தப் பெயர் கழன்று விழுந்துவிட்டது. மேனேஜர் முதல் டயருக்குக் காற்றடிக்கிற மெக்கானிக் வரை எல்லோருக்கும் அவர் ஜீரோ சார், ஜீரோ அண்ணன். சம்பளச் சீட்டில் மட்டும் வேறு பெயர் இருந்தது. அதைப் பார்த்து, யாருடையதோ மாறி வந்துவிட்டது என்று ஒரு தடவை அவரே திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

அப்பேர்ப்பட்ட ஜீரோவின் வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவர் மனைவி டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "நான் கரண்ட் கார் வாங்கப் போறேன்" என்றாள்.

அவள் பிசியோதெரபிஸ்ட். மடங்க மாட்டேன் என்கிற முழங்கால், தூக்க மாட்டேன் என்கிற தோள்பட்டை, இவற்றையெல்லாம் வீடு வீடாகப் போய் வழிக்குக் கொண்டுவருகிற வேலை. நோயாளிகள் அவளை டாக்டரம்மா என்பார்கள். அவளும் மறுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். ஒரு நாளைக்கு எழுபது கிலோமீட்டர் ஓட வேண்டும். பதினொரு வயதான அவளுடைய சாம்பல் நிறக் கார் மேட்டில் ஏறினால் இருமும், நிறுத்தினால் பெருமூச்சு விடும்.

"பங்க்ல வேலை பாக்குறவன் பொண்டாட்டி கரண்ட் கார் வாங்குவாளா?" என்றார் ஜீரோ.

"கணக்குத் தெரிஞ்சவ வாங்குவா."

பழைய கவர் ஒன்றின் பின்பக்கத்தில் அவள் எழுதிக் காட்டினாள். நூறு கிலோமீட்டருக்கு இந்தக் கார் எட்டு லிட்டர் குடிக்கிறது. அதே நூறு கிலோமீட்டருக்கு அவள் பார்த்து வைத்திருக்கிற செகண்ட் ஹேண்ட் மின்சாரக் காருக்கு வீட்டுக் கரண்ட் பதினைந்து யூனிட் போதும். "லிட்டர் என்ன வெலன்னு நான் உங்களுக்குச் சொல்லணுமா?" என்று கேட்டாள். சொல்ல வேண்டியதில்லை. பங்க் வாசலில் விலைப் பலகையின் எண்ணை மாற்றுவதே அவர் கையால்தான். யூனிட் விலையைப் போட்டுப் பெருக்கினார். நம்பாமல் இன்னொரு தடவையும் பெருக்கினார். இரண்டு தடவையும் பெட்ரோல் செலவில் கால் பங்குதான் வந்தது.

"பேட்டரி போச்சுன்னா?"

"எட்டு வருஷம் வாரண்டி. அதுல அஞ்சு வருஷம் பாக்கி இருக்கு."

"ராத்திரி கரண்ட் போச்சுன்னா? காலையில எப்படி வேலைக்குப் போவ?"

"உங்க பங்க்ல மட்டும் என்ன, கரண்ட் இல்லாமலா பெட்ரோல் மேல ஏறுது?"

கரண்ட் போனால் ஜெனரேட்டர் உறுமுகிற வரைக்கும் ஆறு பம்புகளும் செத்துக் கிடக்கும் என்பதும், அந்த இரண்டு நிமிஷமும் வரிசையில் நிற்கிற எல்லோரும் தன்னைத்தான் முறைப்பார்கள் என்பதும் ஜீரோவைவிட யாருக்குத் தெரியும்?

பத்து நாளில் எலக்ட்ரீஷியன் வந்தார். வீட்டு வயரிங்கைத் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இந்த வயருக்கு மிக்ஸி ஓடினாலே மூச்சு வாங்கும் சார்." மெயின் போர்டிலிருந்து காரை நிறுத்துகிற இடத்துக்குக் கட்டை விரல் தடிமனில் தனியாக ஒரு லைன் இழுத்தார். தனி பிரேக்கர், தனி எர்த். ஜீரோ ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். "அந்த லைனுக்கு மட்டும் சின்னதா ஒரு மீட்டர் வச்சுருங்க. வீட்டு பில்லோட கலந்துட்டா யாரு எவ்வளவு தின்னாங்கன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

சேதி பங்க்குக்குப் போய்ச் சேர அரை நாள்கூட ஆகவில்லை. "ஜீரோ அண்ணன் வீட்டுல காருக்கும் செல்போன் மாதிரி சார்ஜராமே" என்று மெக்கானிக் ஆரம்பித்து வைத்தார். மேனேஜர் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "உங்க வீட்டம்மாவே நம்மள விட்டுட்டுப் போனா மத்தவங்க எப்படி சார் நிப்பாங்க?" என்றார். பாதி விளையாட்டு, பாதி நிஜ வருத்தம்.

மின்சாரக் கார் வந்த நாளிலிருந்து ஜீரோ தினமும் விடியற்காலையில் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்திலும் அந்தக் குட்டி மீட்டரைப் பார்த்து, பக்கத்துச் சுவரில் பென்சிலால் எண்ணைக் குறித்து வைத்தார். வண்டியை எங்காவது கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்ற ஆசை உள்ளூர இருந்தது. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தார். கால் பங்குக்குக் கொசுறாகக் கொஞ்சம் கூட இருந்தது, அவ்வளவுதான். தோற்றதற்காக அவருக்கு வந்திருக்க வேண்டிய வருத்தம் வரவில்லை. மறுநாள் இரண்டாம் நம்பர் பம்பில் பெட்ரோல் போட வந்த ஒருவரிடம், கையில் பெட்ரோல் குழாயோடு நின்றுகொண்டே, மின்சாரக் கார் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறது என்று விளக்க ஆரம்பித்துவிட்டார். மேனேஜர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கை கூப்பினார்.

எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. ஆனாலும் ஜீரோவுக்கு என்னவோ குறைந்தது.

என்னவென்று பிடிபட ஒரு வாரம் ஆனது. திங்கள், புதன், வெள்ளி. காலை பதினொன்று பத்து. அந்த நேரத்துக்குத்தான் சாம்பல் நிறக் கார் நாலாம் நம்பர் பம்புக்கு வந்து பெருமூச்சு விடும். அவள் கண்ணாடியை இறக்குவாள். பத்து லிட்டர். அது ஏறி முடிவதற்குள் சாப்பாட்டு டப்பாவில் என்ன வைத்திருக்கிறாள், பாத்ரூம் குழாய் மறுபடி ஒழுகுகிறது, நேற்றுவரை நடக்காத பாட்டி இன்று வாசல்வரை நடந்துவிட்டாள் என்று அவள் அடுக்கிக்கொண்டே போவாள். அவர் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்பார். அழுக்கே இல்லாத கண்ணாடியை இரண்டு தடவை துடைப்பார். பின்னால் யாராவது ஹாரன் அடிப்பார்கள். அவள் போய்விடுவாள். மொத்தமே ஐந்து நிமிஷம்.

இப்போது பதினொன்று பத்துக்கு அவர் கண் தானாகச் சாலைக்குப் போனது. ஒரு தடவை அதே நிறத்தில் ஒரு கார் உள்ளே திரும்பியது. ஜீரோ துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு ஓடினார். உள்ளே மீசை வைத்த ஒருவர் இருந்தார். ஓடி வந்ததற்காக அவருடைய கண்ணாடியையும் துடைத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

இரண்டாம் மாதம் முடிந்ததும் கணக்கை இன்னும் துல்லியமாகப் பார்த்துவிடலாம் என்று, வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்த பழைய பெட்ரோல் ரசீதுகளை அள்ளிக்கொண்டு வந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேஷியர் அக்காவின் மேசையில் பரப்பினார். கேஷியர் அக்காவுக்கு ஜீரோவைவிட ஐந்தாறு வயது கூட. எண்களைப் பார்த்தால் ஆளையே படித்துவிடுவார்.

பத்துப் பதினைந்து ரசீதுகளைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "ஏன் தம்பி, உங்க வீட்டுக்காரம்மா என்னைக்காவது ஃபுல் டேங்க் போட்டிருக்காங்களா?"

"எங்கக்கா. எத்தனை தடவை சொல்லியிருப்பேன். முழுசா நெரப்பிக்கிட்டா வாரம் ஒரு தடவை வந்தாப் போதும், எதுக்கு இப்படி வாரத்துக்கு மூணு தடவை வரிசையில நிக்கிறேன்னு. கேட்டாத்தானே."

"அவங்க கணக்குல கெட்டிக்காரின்னு சொல்வீங்களே."

"என்னைவிடக் கெட்டி."

"அப்ப வாரம் ஒரு தடவை வந்தாப் போதும்னு அவங்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?"

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவிட்டார். ஜீரோ அங்கேயே நின்றார். வாரத்துக்கு மூன்று, வருஷத்துக்கு நூற்றைம்பது, பதினொரு வருஷம். அவருடைய காது மடல் சூடேறியது. அத்தனை தடவையும் "ஃபுல்லா போட்டா என்னம்மா" என்று பத்துப் பேர் காதில் விழ அதட்டியவர் அவர்.

அன்று மத்தியானம் முழுக்க பம்பில் நின்றுகொண்டே மனதுக்குள் கூட்டிக் கழித்தார். காலை ஐந்தரைக்கு அவர் கிளம்பிவிடுவார். அவர் ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வரும்போது அவள் வெளியே இருப்பாள். கடைசி நோயாளியைப் பார்த்துவிட்டு அவள் வருவதற்குள் அவருக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றும். அந்தக் கடைசி நோயாளி, ஊருக்கு வெளியே இருபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஒரு ரிட்டயர்டு லாரி டிரைவர். கார் செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை என்றுதான் அவரை அவள் ஏற்றுக்கொண்டாள். அவர் வீட்டிலிருந்து வருகிற பணம் அப்படியே பெட்ரோலுக்குப் போகும். போக வர நாற்பத்து நாலு. ஒரு நாளைக்கு ஓடுவதே எழுபது.

ஜீரோவுக்குச் சிரிப்பு வந்தது. சில்லறை கொடுக்கும்போது அவர் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து ஒரு ஸ்கூட்டர்காரர் பணத்தை இரண்டு தடவை எண்ணிப் பார்த்துக்கொண்டார்.

அன்று அவர் தூங்காமல் உட்கார்ந்திருந்தார். எட்டு மணிக்கு மனைவி உள்ளே வந்து, செருப்பைக் கழற்றி, விளக்கு எரிவதையும் அவர் விழித்திருப்பதையும் பார்த்து, "என்ன, உடம்பு சரியில்லையா?" என்றாள்.

"உக்காரு. ஒண்ணு கேக்கணும். நீ ஏன் எப்பவும் பத்து லிட்டர் மட்டும் போட்ட?"

"பழைய வண்டி. பாரம் தாங்காது."

"நாப்பது லிட்டர் பெட்ரோல் ஒரு ஆள் கனம்கூட இல்ல. யார்கிட்ட சொல்ற?"

அவள் எதிரே உட்கார்ந்தாள். "தெரிஞ்சு கேக்குறீங்களா, தெரியாம கேக்குறீங்களா?"

"பதினோரு வருஷம் தெரியாம இருந்தேன். இன்னைக்கு கேஷியர் அக்கா தெரிய வச்சாங்க."

அவளுக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கைப்பையை மடியில் வைத்து அதன் வாரைத் திருகினாள். "அப்புறம் உங்கள எங்க வந்து பாக்குறது? வாசல்ல நின்னு 'என்னங்க, சும்மா வந்தேன்'னா சொல்ல முடியும்? பம்புல நின்னாத்தான் அஞ்சு நிமிஷம் கெடைக்கும். அதுலயும் ரெண்டு நிமிஷம் திட்டுவீங்க."

ஜீரோ சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். இந்தத் தடவை கணக்கு அவருடையது. "இங்க பாரு. இது லாரி டிரைவர் வீட்டுல வர்றது. இது பழைய கார்ல மாசப் பெட்ரோல். ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு. இப்ப பெட்ரோல்ல பாதிக்கு மேல எங்க போச்சு? அவர் வீட்டுக்குப் போக வரத்தான். பெட்ரோல் போடறதுக்காக அந்த வீடு, அந்த வீட்டுக்குப் போறதுக்காகப் பெட்ரோல்."

அவள் தாளைத் தன் பக்கம் திருப்பினாள். மேலிருந்து கீழே படித்தாள். கீழிருந்து மேலே படித்தாள்.

"எனக்கு இது தோணவே இல்லையே" என்றாள் மெதுவாக.

"வண்டி இப்ப கால் பங்குலதான் ஓடுது. அந்த வீட்டையும் விட்டுட்டா கால்லயும் பாதிதான். நமக்கு ஒண்ணும் குறையாது. சாயங்காலம் ஆறு மணிக்கு நீ வீட்டுல இருக்கலாம்."

"அவரு முழங்கால் முக்கால்வாசி சரியாயிடுச்சு. அந்தப் பக்கமே என் ஜூனியர் ஒருத்தன் இருக்கான். அவன்கிட்ட சொல்லலாம்." அவள் இன்னும் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பதினோரு வருஷத்துல கணக்குல என்னை ஜெயிச்சது இது ஒண்ணுதான். அதுக்காக ரொம்ப நிமிர வேண்டாம்."

ஆனாலும் ஜீரோ நிமிர்ந்துதான் படுத்தார்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை அவள் முதல் தடவையாக ஐந்தரைக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். வெளியே நல்ல வெயில் மிச்சம் இருந்தது. இருவரும் டீ குடித்தார்கள். குடித்து முடித்ததும் எதிரெதிரே உட்கார்ந்து என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார்கள். இத்தனை நேரம் மொத்தமாகக் கையில் கிடைத்து இருவருக்குமே பழக்கமில்லை.

"ஏரிக்குப் போலாமா? மலையடிவாரத்துல இருக்கே" என்றாள்.

"முப்பத்தஞ்சு கிலோமீட்டர்."

"ஆகட்டுமே. கரண்ட்டுதானே."

வண்டியை ஜீரோ ஓட்டினார். அந்தக் காரை அவர் ஓட்டுவது அதுதான் முதல் தடவை. உட்கார்ந்தார், பொத்தானை அழுத்தினார், காத்திருந்தார். மறுபடி அழுத்தினார்.

"என்ன, ஸ்டார்ட் ஆகல?" என்றார்.

"மொத தடவையே ஆயிடுச்சு. ரெண்டாவது தடவை நீங்கதான் ஆஃப் பண்ணிட்டீங்க."

ஊரைத் தாண்டியதும் அவர் லேசாக மிதித்தார். வண்டி சத்தமே இல்லாமல் பாய்ந்தது. ஜீரோவின் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. "அடேயப்பா" என்றார். மறுபடி மிதித்தார். பத்தொன்பது வருஷம் பெட்ரோலுக்கு விசுவாசமாக இருந்தவர், ஒரு லாரியையும் இரண்டு கார்களையும் ஒரு பேருந்தையும் முந்தினார். ஏசி முழு வேகத்தில் ஓடியது. மேட்டுச் சாலையில் ஏறும்போது, "சார்ஜ் பாத்துக்கங்க, நேத்து ராத்திரி நான் போடல" என்றாள் மனைவி. "பாதி இருக்கும்மா, பாதி டேங்க்ல எவ்வளவோ போகலாம்" என்றார்.

ஏரி அழகாகத்தான் இருந்தது. கரையில் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். அவள் வழக்கமாக ஐந்து நிமிஷத்தில் சொல்கிறதை ஒரு மணி நேரம் சொன்னாள். துடைக்கக் கண்ணாடி இல்லாததால் அவர் அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார். திரும்பி வந்து காரில் உட்கார்ந்தபோது பன்னிரண்டு சதவீதம் என்று காட்டியது.

ஜீரோ அந்த எண்ணை விரலால் துடைத்துப் பார்த்தார். "பக்கத்துல சார்ஜ் போடுற இடம்?"

அவள் போனில் பார்த்தாள். "எதிர்ப்பக்கம் இருபது கிலோமீட்டர். அங்க போனாலும் வீட்டு வெலையைப் போல மூணு மடங்கு கேப்பாங்க. இந்தப் பக்கம் வாங்க, நான் ஓட்டுறேன்."

ஏசியை அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினார்கள். வரும்போது முந்திய பேருந்து இப்போது இவர்களை முந்தியது. ஜீரோ ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். "பத்து. ஒம்போது. எட்டு." ஐந்து என்று சொன்னபோது அவள் ஒரு கிளைச்சாலையில் வண்டியைத் திருப்பி, மஞ்சள் சுவர் வீடொன்றின் முன் நிறுத்தினாள்.

"யார் வீடு?"

"லாரி டிரைவர் வீடு" என்றாள். "எப்படி முகத்துல முழிக்கப் போறேன்னு தெரியல. போன வாரம்தான் இனிமே சாயங்காலம் வர முடியாதுன்னு சொன்னேன்."

லாரி டிரைவர் தடியில்லாமல் வந்து கதவைத் திறந்தார். விஷயத்தைக் கேட்டார். முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் பரவியது. "முப்பது வருஷம் லாரி ஓட்டினேன் டாக்டரம்மா. ஒரு நாள் டீசல் தீந்து வழியில நின்னதில்ல." பிறகு ஜீரோவின் சட்டையைப் பார்த்தார். பங்க் சீருடையை அவர் மாற்றியிருக்கவில்லை. "சார் பெட்ரோல் பங்க்கா?"

"ஆமாங்க" என்றார் ஜீரோ, வேறு வழியில்லாமல்.

லாரி டிரைவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்குவதாக இல்லை. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரே முன்னால் நடந்து, வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த தடிமனான பிளக்கைக் காட்டினார். மெஷின் வயரை அவரே பிடுங்கிவிட்டார்.

காரின் சார்ஜர் வயரை அதில் மாட்டிவிட்டு, ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றாள் மனைவி. அதுவரை சும்மா உட்காருவானேன் என்று அவர் முழங்காலை மடக்கச் சொல்லிப் பார்த்தாள். "இந்தப் பையன் பரவாயில்ல" என்று ஜூனியரைப் பற்றிச் சொன்னார் அவர். "ஆனா காலை ஸ்பேனர் புடிக்கிற மாதிரி புடிக்கிறான்." டீ வந்தது, பிஸ்கட் வந்தது. ஜீரோ யூனிட் கணக்குப் போட்டுப் பணத்தை எடுத்தார். லாரி டிரைவர் அந்தக் கையை மடக்கி அவர் பைக்குள்ளேயே திணித்தார். "வேணாம் சார். எனக்குக் காசு வேணாம். அந்த ஏரி இன்னும் அப்படியே இருக்கா? முழங்கால் போனதுலேர்ந்து நான் பாக்கல. நாலு வருஷமாச்சு."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த வியாழக்கிழமை வண்டி நூறு சதவீதத்தோடு கிளம்பியது. லாரி டிரைவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலிலேயே காத்திருந்தார். பின்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, வளைவு வருகிறது, லாரி வருகிறது, இங்கே மிதிக்காதே, அங்கே விடாதே என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். ஜீரோ சரி சரி என்று ஓட்டினார். மேட்டில் ஏறும்போது மட்டும் பின்னாலிருந்து சத்தமே வரவில்லை. என்னவோ ஏதோ என்று மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல டாக்டரம்மா" என்றார் அவர். "இந்த மேட்டுல என் லாரி அழும். எனக்கு வேற எந்தச் சத்தமும் கேட்டதில்ல. இங்க இத்தனை குருவி இருக்குன்னே எனக்குத் தெரியாது."

ஜீரோ கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டு, வேகத்தைக் குறைத்தார்.